இன்று யாரும் வரவில்லை

எங்கள் கல்லூரியில் சாவைப் பற்றி இரண்டு வருடமும் பாடம் உண்டு. சாவு வீட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. கேலிக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

என் பெயர் ஆவுடை. தென்காசிப் பக்கம். ‘உயிர்ப்பாதுகாப்பும் பேரிடர் ஆயத்தமும்’ என்கிற முதுகலைப் படிப்பில் இரண்டாம் வருடம். படிப்பின் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள், “அதுக்கு வேலை கெடைக்குமா?” என்பார்கள். “கொள்ளைநோய் வந்தா கெடைக்கும்” என்பேன். அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். கல்லூரி தேரிப்பட்டினத்துக்கு வெளியே, செம்மணல் தேரிக்கு நடுவில் இருக்கிறது. காற்றடி காலத்தில் சோற்றிலும் மண், படுக்கையிலும் மண். கிருமி எப்படிப் பரவும் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது என்று எங்கள் துறைத்தலைவர் சிவசைலம் சார் சொல்லிச் சிரிப்பார். முதல் வருடம் நாங்களும் சிரித்தோம்.

‘காது’ என்கிற கருவியைச் செய்தவர் அவர்தான். தேரிக் காய்ச்சல் என்கிற கொள்ளைநோய் முதல் தடவை வந்தபோது, யார் யாரைப் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல்தான் அத்தனை பேர் செத்தார்கள். போனை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். சனங்கள் போனை வீட்டில் போட்டுவிட்டு ஊர் சுற்றினார்கள். வாசலில் கேமரா வைக்கலாம் என்றார்கள். நீதிமன்றம் கூடாது என்றது, பேச்சை ஒட்டுக்கேட்கவும் கூடாது என்றது. அப்போது சார் கொண்டுவந்ததுதான் காது. இன்றைக்கு இந்த மாவட்டத்திலும் தென்காசிப் பக்கத்திலும் அது இல்லாத வாசல் கிடையாது.

எங்கள் வீட்டில் மாட்டிய அன்றைக்கு அம்மா போன் பண்ணினாள்.

“ஏட்டி, நெலைக்கு மேல பல்லி மாதிரி ஒண்ண ஒட்டிட்டுப் போயிருக்கானுவ. நாம பேசுததெல்லாம் கேக்குமோ?”

“கேக்காதும்மா. அதுக்கு ரெண்டே விஷயந்தான் வெளங்கும். யாராவது வந்தா ‘வாங்க’ம்போம்லா, அது ஒண்ணு. போம்போது ‘போயிட்டு வாரேன்’ம்பாவல்லா, அது ஒண்ணு. வணக்கம், சலாம், தோத்திரம் எல்லாம் அதுல சேத்தி. வேற எதையும் கேக்க அதுக்கு அனுமதி கெடையாது.”

“அத வச்சி என்ன செய்வாவ?”

“எத்தன பேரு வந்தாவ, எம்புட்டு நேரம் இருந்தாவன்னு எண்ணிக்கிடும். அதே கொரல் வேற எந்தெந்த வீட்டுல கேட்டுச்சுன்னு கோடு போட்டு வச்சிக்கிடும். ஒரு வீட்டுல காய்ச்சல் வந்தா, கோட்டப் புடிச்சிப் போயி எந்தத் தெருவ அடைக்கணும்னு சொல்லிரும்.”

“அப்ப நான் ஒங்கய்யாவ ஏசுறது?”

“அது கேக்காது.”

“அப்பச் சரி” என்று அம்மா வைத்துவிட்டாள்.

சார் வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்வார். “மனுஷன் போனை மறந்துருவான், முகமூடியை மறந்துருவான். சொல்லிக்கிட்டுப் போறதை மட்டும் மறக்கவே மாட்டான். அது நம்ம ரத்தத்துல இருக்கு.” நாங்கள் அதைத் தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

என் பக்கத்து இருக்கை ரிஃபாயி. ஊர்க்காரன். தேரிப்பட்டினத்துப் பள்ளிவாசல் தெருவில் அவன் வீடு. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும் என்பது விதி என்பதால், கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எங்களோடு மண் சோறு தின்றான். அவன் அக்கா செய்யிதா வாரம் தவறாமல் வட்டலப்பம் கொண்டு வருவாள். அவனைப் போலவே நானும் அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தத் தெருவில் சலாம் சொல்லாமல் பத்தடி நடக்க முடியாது. ரிஃபாயியின் வாப்பா பேருந்து நிலையத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். அவர் சலாம் சொன்னால் பள்ளிவாசல் புறாக்கள் எழுந்து பறக்கும். சிறுநீரகம் கெட்டுப் போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் சுத்திகரிக்க அரசு மருத்துவமனைக்குப் போய்வந்த காலத்திலும் அந்தக் குரல் மட்டும் இறங்கவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

மாசி மாதத்தில் என் சித்தப்பா இறந்துபோனார். தேரிப்பட்டினத்துக் கீழத்தெருவில் வீடு. நெஞ்சுவலி, காய்ச்சல் கிடையாது. அம்மாவும் ஊரிலிருந்து வந்தாள். துட்டி வீட்டில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, சித்தப்பா மகனின் கையைத் தொட்டுவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் பந்தல்காலில் சாய்ந்து இருமிக்கொண்டே இருந்தார். சித்தி அவருக்கு வெந்நீர் கொடுக்கச் சொன்னாள். எடுத்ததும் நாங்களும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்து, குளித்துவிட்டுத்தான் வீட்டுச் சாமான்களைத் தொட்டோம்.

பங்குனி பிறப்பதற்குள் தேரிக் காய்ச்சல் ஊருக்குள் மறுபடியும் வந்துவிட்டது. துறையின் சுவரில் ஊர் வரைபடம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். தெருக்கள் பச்சையாக இருக்கும், ஆள் நடமாட்டமும் நோயும் கூடினால் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். ஒரு காலையில் வகுப்புக்குப் போனால் ஊர் முழுக்கப் பச்சை, பள்ளிவாசல் தெரு மட்டும் சிவப்பு. அங்கே அந்த மாதத்தில் இரண்டு சாவு. இரண்டு வீட்டிலும் கூட்டம் கூடியதைக் காது எண்ணியிருந்தது. ஊரில் மற்ற இடங்களில் காய்ச்சலில் விழுந்தவர்களுக்குக் கோடு எங்கிருந்து வந்தது என்று கருவிக்குத் தெரியவில்லை. அவர்களில் யாரோ எப்போதோ அந்தத் தெருவில் ஒரு வாசலில் நின்று வணக்கம் சொல்லி மீன் வாங்கியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு கோட்டை அங்கே கொண்டுபோய் முடித்தது. அன்று மதியமே தெருவை அடைத்தார்கள். இரண்டு முனையிலும் தகரம். சாப்பாட்டுப் பொட்டலம் உள்ளே போகும், ஆள் வெளியே வரக்கூடாது.

அதன் பிறகு ஊர் பேசிய பேச்சை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. “எல்லாம் அவனுவளாலதான்” என்றார்கள். அரசாங்கக் கருவியே சொல்லிவிட்டது, இனி யாரிடம் போய்க் கேட்பது? விடுதிச் சமையல்காரர் ரிஃபாயியின் தட்டைத் தனியாக வைத்தார். அவன் வீட்டுக்குப் போயே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்னைத் தவிர அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவன் அந்தத் தட்டிலேயே தின்றான்.

“வாப்பாவுக்கு டயாலிசிஸ்?” என்று கேட்டேன்.

“செவப்புத் தெருவுக்கு ஆஸ்பத்திரி வண்டி வராதாம். பச்சையாகட்டும்னு சொல்லிட்டாஹ.” தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். “கால் வீங்க ஆரம்பிச்சிட்டு, ஆவுடை. மூச்சுத் திணறுது. இப்படியே விட்டா வாப்பா இருக்க மாட்டாஹ.”

அன்று சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். சித்திக்குக் காய்ச்சல். சித்தி பள்ளிவாசல் தெருப் பக்கமே போகாதவள், சித்தப்பா போன நாளிலிருந்து வாசலைத் தாண்டாதவள். எனக்குச் சுருக்கென்றது. மாணவர்களுக்கு என்று கொடுத்திருந்த தொடுதிரைப் பலகையில் சித்தி வீட்டுக் காதின் பதிவைத் திறந்து, சித்தப்பாவை எடுத்த நாளைத் தேடினேன். ஊர் திரண்டு வந்த நாள். ஒரே ஒரு வரி இருந்தது.

‘இன்று யாரும் வரவில்லை.’

கருவி பழுது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கீழத்தெருவில் இன்னொரு சாவு வீட்டைத் திறந்தேன். யாரும் வரவில்லை. மேலத்தெரு, கோயில் தெரு, காலனி என்று சாவு விழுந்த வீடாகத் தேடித் தேடித் திறந்தேன். யாரும் வரவில்லை, யாரும் வரவில்லை. பள்ளிவாசல் தெருச் சாவு வீடுகளைத் திறந்தேன். வந்தவர் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர்கள் சாவு வீட்டுக்குள் நுழையும்போதும் சலாம் சொல்வார்கள், இறங்கும்போதும் சொல்வார்கள். நாங்கள் சாவு வீட்டில் ‘வாங்க’ என்று யாரையும் கூப்பிடுவதில்லை. போகும்போது ‘வாரேன்’ என்று சொல்வதும் இல்லை. அதைச் சொன்னால் சாவு மறுபடியும் வரும்.

காதுக்கு எங்கள் சாவு வீடுகள் எல்லாம் காலி வீடுகள். காய்ச்சல் அங்கேதான் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆள் மாறியிருக்கிறது.

சிவசைலம் சார் அறைக்கு ஓடினேன். பலகையை அவர் கையில் கொடுத்தேன். அவர் கெட்டிக்காரர், விளக்க வேண்டியிருக்கவில்லை. பலகையை மேசைமேல் வைத்தார்.

“கருவிக்குப் பேச்சு பழக்குறதுக்குப் பசங்களை அனுப்பினேன்” என்றார். “கல்யாண வீடு, காதுகுத்து, பொங்கல், பெருநாள் எல்லாத்துக்கும் போயிப் பதிவு பண்ணிட்டு வந்தாங்க. துட்டி வீட்டுக்குப் போகலை. போக வேண்டாம்னு நான் சொல்லவும் இல்லை. மைக்கைத் தூக்கிட்டு அங்க எவன் போவான்?”

“அந்தத் தெருவைத் தெறக்கச் சொல்லுங்க சார். நம்ம தெருக்கள்ல ஆளை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்க.”

“எந்த ஆளை விட? காது வந்துட்டு, இனி எதுக்குன்னு களப்பணியாளர் அத்தனை பேரையும் நிறுத்திட்டாங்க. நான்தான் சரின்னு கையெழுத்துப் போட்டேன்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஒண்ணு செய்யலாம். துட்டி வீட்டுலயும் சொல்லிட்டுத்தான் போகணும்னு உத்தரவு போடச் சொல்லுறேன்.”

உத்தரவு வந்தது. அது நடந்த லட்சணத்தை நான் நேரில் பார்த்தேன். கோயில் தெருவில் ஒரு சாவு. வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் பந்தலுக்கு முன்னால் ஒலிபெருக்கியோடு நின்று, வந்தவர்கள் வாசலில் வணக்கம் சொல்ல வேண்டும், புறப்படும்போது போயிட்டு வர்றேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அறிவித்தார். தலையை விரித்துப் போட்டு அழுதுகொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தாள்.

“எங்க வரணும்ங்கிய? எம் மவன் போயி நாலு மணி நேரம் ஆவல. அடுத்த எழவுக்கு இப்பமே ஆள் சொல்லி விடுதியளாக்கும்? ஒம்ம வீட்டுல போயிச் சொல்லச் சொல்லும்வே, போயிட்டு வாரேன்னு!”

நான்கைந்து ஆண்கள் எழுந்தார்கள். அதிகாரி ஒலிபெருக்கியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அவரும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார், பாவம். அந்த வீட்டு வாசலில் காதின் விளக்கு, யாரும் வரவில்லை என்று, பச்சையாகவே இருந்தது.

மறுநாள் சாரிடம் மறுபடியும் போனேன். கலெக்டரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“இந்தக் காய்ச்சல் சுற்று முடியட்டும்ங்கிறாங்க. நானும் யோசிச்சேன்மா. முழுப் பொய் சொல்லுற கருவின்னா நிறுத்திரலாம். பாதி உண்மை சொல்லுதே, அதை எப்படி நிறுத்துறது? இன்னைக்குக் காது செவிடுன்னு சொன்னா, நாளைக்கு எந்த அடைப்புக்கும் எவனும் வீட்டுல இருக்க மாட்டான். மாநிலம் பூரா இதை மாட்டப் போறாங்க. நம்பிக்கை போயிட்டா அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு?”

“ரிஃபாயியோட வாப்பா செத்துப்போயிருவாங்க சார்.”

“தெரியும்” என்றார். அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று ஆத்திரமாக வந்தது.

நேராக ரிஃபாயியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான், எதையாவது உடைப்பான் என்று எதிர்பார்த்தேன்.  அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“சலாமே கேக்கலைன்னா தெரு எப்பப் பச்சையாகும்?”

எனக்கு விடை தெரியும். போன பருவத்துத் தேர்வில் வந்த கேள்வி. வாசலில் நடமாட்டம் நின்று மூன்று நாள் போனால் மஞ்சள், இன்னும் இரண்டு நாளில் பச்சை. சொன்னேன். சொல்லும்போது நான் படித்த படிப்பு மொத்தமும் என் தலைக்குள் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்றது. உண்மையில் எவ்வளவு காய்ச்சல் அந்தத் தெருவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அவன் லாத்தாவுக்குப் போன் போட்டான். லாத்தா தெருவுக்குச் சொன்னாள். தகரத்துக்கு உள்ளே வீட்டுக்கு வீடு போக்குவரத்து நிற்கவில்லை. அரிசி கடன் கேட்கவும், நோயாளியைப் பார்க்கவும், சும்மா உட்கார்ந்து பேசவும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பேச்சை மட்டும் வாசலில் நிறுத்திக்கொண்டார்கள். லாத்தா எனக்குப் போனில் சொன்னாள்.

“பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாஹ ஆவுடை, கைய ஒசத்திக்கிட்டாப் போதும், மனசுக்குள்ள சொல்லிக்கிடுங்கன்னு. வாப்பாதான் அடங்க மாட்டேங்குறாஹ. யாராவது படியேறுனா வாயத் தொறந்துருறாஹ. உம்மா ஓடிப்போய் வாயப் பொத்துறாஹ. நேத்து அழுதுட்டாஹ. ‘சலாத்துக்குப் பதில் சொல்லாத வீட்டுல உசுரோட இருந்து என்னளா செய்ய’ன்னு கேக்குறாஹ.”

ஒருவழியாக அவரும் அடங்கினார். வரைபடத்தில் பள்ளிவாசல் தெரு மஞ்சளானது, பிறகு பச்சையானது. சிவசைலம் சார் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“இவ்வளவு சீக்கிரமாவா?”

 அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்திலேயே தெரிந்தது. வகுப்பைப் பார்த்து, “அடைப்பு பலன் கொடுத்திருக்கு” என்றார். முதல் வருடப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ரிஃபாயியும் தட்டினான்.

அன்றே தகரத்தைப் பிரித்தார்கள். வண்டி வந்து வாப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. சில நாள் அங்கேயே வைத்துச் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். ரிஃபாயி அன்று சிரித்தான். லாத்தா வட்டலப்பம் கொண்டு வந்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் எடுத்துத் தின்றார்கள். சமையல்காரர் தட்டுகளை ஒன்றாக அடுக்கினார். ஏதோ ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது நாள் மருத்துவமனைக்கு நானும் அவனோடு போனேன். சுத்திகரிப்பு அறைக்குக் கண்ணாடிச் சுவர். வாப்பா எங்களைப் பார்த்ததும் கை உயர்த்தினார், வாய் திறக்கவில்லை. மருத்துவமனையில் காது கிடையாது, சத்தமாகவே சொல்லலாம். அவருக்குப் பழகிவிட்டது. அடுத்த படுக்கையில் ஒருவர் முதுகைக் காட்டிப் படுத்து இருமிக்கொண்டிருந்தார். இருமித் திரும்பினார். கறுப்புக் கண்ணாடி. சித்தப்பா வீட்டுப் பந்தல்காலில் சாய்ந்திருந்தவர்.

 செவிலியைத் தேடிப் பிடித்து, அந்த ஆளைச் சோதித்தீர்களா என்று கேட்டேன்.

“அவருக்கு எதுக்கும்மா? கீழத்தெரு. ஒரு நாள்கூட மஞ்சளாகாத தெரு. சோதனைக் குச்சி செவப்புத் தெருவுக்கே பத்தல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவருக்குப் பக்கத்துல பள்ளிவாசல் தெரு ஆளப் போட்டுட்டாவன்னு அவரு வீட்டுலதான் சண்டைக்கு நிக்காவ” என்றாள்.

நான் கத்தினேன். மருத்துவர் வந்தார், கடைசியில் சோதித்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரருக்குத் தேரிக் காய்ச்சல் இருந்தது. அதற்குள் வாப்பாவுக்கும் இருந்தது. சிறுநீரகம் கெட்ட உடம்பு தாங்கவில்லை. தகரத்துக்கு உள்ளேயே இருந்திருந்தால் மூச்சு முட்டிச் செத்திருப்பார். வெளியே வந்ததால் காய்ச்சலில் செத்தார். நான் இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டுப் பார்க்கிறேன், எந்தப் பக்கமும் இறங்க மாட்டேன் என்கிறது. மையித்தை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. மருத்துவமனை ஆட்களே உறையிட்டுக் கொண்டுபோய் அடக்கினார்கள். ரிஃபாயி தூரத்தில் நின்று பார்த்தான்.

சாரிடம் போய் நான் ஒன்றும் கேட்கவில்லை. எதைக் கேட்க? சாவு வீடுகளைக் கணக்கில் எடுங்கள் என்று நான் வெளியே சொன்னால், பள்ளிவாசல் தெரு எப்படிப் பச்சையானது என்று அடுத்த கேள்வி வரும். தகரம் மறுபடியும் ஏறும், ஊர் மறுபடியும் பேசும். அவர் வாயை நம்பிக்கை அடைத்திருந்தது, என் வாயை ஒரு தெரு அடைத்திருந்தது. அந்த வாரம் சிறந்த ஆயத்த மாவட்டம் என்று எங்கள் மாவட்டத்துக்கு விருது அறிவித்தார்கள்.

துக்கம் கேட்க மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு போனேன். தெரு முனையில் நுழையும்போதே என்னவோ போல இருந்தது. ஆட்கள் நடமாடினார்கள், எதிரெதிரே வந்தார்கள், கை லேசாக உயர்ந்து இறங்கியது. சத்தம் இல்லை. காதுகளின் பச்சை விளக்குகள் வாசலுக்கு வாசல் எரிந்தன. ரிஃபாயி வீட்டில் நடை முழுக்கச் செருப்புகள். உள்ளே பாய் விரித்துப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். உம்மா, கணவர் போன பெண்கள் இருக்கும் இத்தாவில் இருந்தாள். இனி நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு இறங்க முடியாது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். பெருநாளுக்குப் போனபோது, “வாம்மா வாம்மா, மெலிஞ்சு போயிட்டியே” என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டவள். இப்போது வாயே அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். உம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு விம்மல்கூட வெளியே வரவில்லை.

அழுகையைக் காது கேட்காது. என் அம்மாவுக்கு விளக்கியதுபோல இவர்களுக்கும் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உம்மா பதறிப்போய் என் வாயில் விரலை வைத்து, நிலைக்கு மேலே காட்டினாள். அந்தப் பயத்தைப் பார்த்த பிறகு எனக்கு விளக்கம் எதுவும் வரவில்லை. எழுந்தேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எங்கள் வழக்கம்தான், எனக்குச் சிரமம் இருந்திருக்கக் கூடாது. ஆனால் அங்கே அப்படி இறங்கியது நெஞ்சை அறுத்தது.

லாத்தா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள். பேசாமல் இழுத்துக்கொண்டு நடந்தாள். தெருவைத் தாண்டி, கடைசி வீட்டைத் தாண்டி, தேரி தொடங்கும் இடம் வரை கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே தெருவே நின்றது.

வாசல் இல்லாத இடம், அதனால் காதும் இல்லை. பனைமரங்களுக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். வீட்டில் வாய் திறக்காமல் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அஸ்ஸலாமு அலைக்கும், வ அலைக்குமுஸ்ஸலாம் என்று ஒருவர் மாற்றி ஒருவர், அன்றைக்கெல்லாம் சொல்லாமல் வைத்திருந்த அத்தனையையும் சொன்னார்கள். ஆண்கள் ரிஃபாயியைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் விட்டால் இன்னொருவர். அவன் வாய்விட்டு, வாப்பா வாப்பா என்று அழுதான். காற்றில் மண் பறந்தது, யாரும் முகத்தை மூடவில்லை.

நெரிசல், நெருக்கம், மூச்சு. நான் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். கலைந்து போங்கள் என்று கத்தத்தான் இரண்டு வருடம் படித்திருக்கிறேன். தோள்பையில் இருந்த பலகையை எடுத்து அந்தத் தெருவைத் திறந்தேன். எல்லா வீட்டுக்கும் அதே வரி. இன்று யாரும் வரவில்லை. பலகையைப் பைக்குள் திருப்பி வைத்தேன்.

“ஊட்டுல அழக்கூடப் பயமா இருக்கு ஆவுடை” என்றாள் லாத்தா. “இங்க வந்தாத்தான் எங்க வாப்பா மவுத்தாயிட்டாஹன்னே தெரியுது.”

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சித்தி வீட்டில் பெண்கள் அழுத மாதிரியே, உடம்பு முழுக்கக் குலுங்க, பெருங்குரலெடுத்து அழுதாள். அவள் நெற்றி என் கன்னத்தில் சுட்டது. நடுவில் அழுகையை நிறுத்திவிட்டு இருமினாள். மறுபடியும் இருமினாள்.

நான் கையை எடுக்கவில்லை.